உறைக்குள் இருந்தே கெடும் கத்தி: கோடு, கறை, துருவை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

துடைத்து, எண்ணெய் போட்டு, உறையில் செருகி வைத்த கத்திதான். நாலு வாரம் கழித்து உருவிப் பார்த்தால் அலகில் கோடு, இல்லாவிட்டால் கறை, அதுவும் இல்லாவிட்டால் செம்புள்ளி. உடனே இரும்பு மட்டம் என்று பட்டறைக்காரர் தலையில் பழியைப் போடுவோம். நீலகிரியிலும் பழனி மலையிலும் பல நேரம் கோளாறு உறையில்தான் இருக்கும். உறையிலேயே கத்தியை மாதக்கணக்கில் விட்டுவைக்கும் பழக்கம் அதைவிடப் பெரிய கோளாறு.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், தாண்டிக்குடி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. மழை இல்லாத நாளிலும் சாயங்காலம் மேகமூட்டம் இறங்கினால் அலமாரிக்குள் இருக்கும் தோலும் துணியும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியதும் சாதா இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடத் தொடங்கும். ஈரம் குடித்த தோல் அலகை ஒட்டிக்கொண்டிருந்தால் அறையின் ஈரப்பதம் குறைந்த பிறகும் அந்த இடம் மட்டும் காயாது.

ஆகவே மெருகு போடுகிற வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். உறையைச் சரிசெய்யாமல் அலகைத் தேய்த்தால் இரும்பு குறையும், கறை திரும்ப வரும்.

அலகைப் படம் போட்டுக்கொள்ளுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் கத்தியை வைத்து இரண்டு பக்கமும் சுற்றி வரையுங்கள். உறையை இடுப்பில் மாட்டும்போது உடம்பைத் தொடும் பக்கம் எது, வெளியே பார்க்கும் பக்கம் எது என்று எழுதுங்கள். அலகில் தெரியும் ஒவ்வொரு கோட்டையும் கறையையும் அதே இடத்தில் பென்சிலால் குறியுங்கள். பிறகு உறையை அந்தப் படத்தின் மேல் வைத்து, ரிவிட், தையல், டிச் பட்டன் எல்லாம் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். பாதிக் கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

அடுத்தது மார்க்கர் சோதனை. அலகை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, பெர்மனென்ட் மார்க்கரால் முதுகிலிருந்து கூர் வரை குறுக்கே கோடு போடுங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு கோடு, இரண்டு பக்கமும். மை காய ஐந்து நிமிடம் விடுங்கள். வழக்கமாக எப்படிச் செருகி உருவுவீர்களோ அப்படியே பத்து முறை செய்யுங்கள். மை அழிந்த இடம்தான் உறை உரசும் இடம். மை அப்படியே இருக்கும் இடத்தில் கறை வந்திருந்தால் அதற்கு உரசல் காரணமில்லை. ஈரம், அமிலம் அல்லது ஆவி என்று தேட வேண்டும். சோதனை முடிந்ததும் ஸ்பிரிட்டிலேயே மையைத் துடைத்துவிடலாம். கறுப்புப் பூச்சு போட்ட அலகில் மார்க்கர் தெரியாது, அதற்குப் பள்ளிக்கூடச் சாக்பீஸ் போதும்.

அறிகுறி: நீளவாக்கில் மெல்லிய கோடுகள்

பிடியிலிருந்து நுனியை நோக்கி, உருவும் திசையிலேயே, மயிரிழைக் கோடுகள். கண்ணாடி மாதிரி மெருகேற்றிய அலகில்தான் இது கண்ணை உறுத்தும். ஒரே திசையில் மெல்லிய கோடு தெரியும்படி தேய்த்த ‘கோடு மெருகு’ அலகில் கலந்து மறைந்துபோகும்.

காரணம் மண். மலைச் செம்மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகளின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7. நன்றாகப் பதம் ஏற்றிய கத்தி இரும்பே ஏறக்குறைய 6 பக்கம்தான் நிற்கும். கேரட் தழை அறுத்துவிட்டு, பூண்டுப் பாத்தியில் களை கொத்திவிட்டு, துடைக்காமல் ஒரே ஒரு முறை செருகினால் போதும். துகள் தோலுக்குள் புதைந்துகொள்ளும், அதற்குப்பின் ஒவ்வொரு முறை உருவும்போதும் அறுக்கும். தோல் உறையில் மணல் ஒட்டிய இடம் உப்புத்தாளேதான். கைடெக்ஸ், பிவிசி போன்ற பிளாஸ்டிக் உறையில் துகள் புதையாது, உருளும். அதனால் கோடுகள் கொஞ்சம் வளைந்தும் சிதறியும் இருக்கும்.

உறுதிப்படுத்த ஒரு மூங்கில் குச்சியில் பஞ்சைத் தளர்வாகச் சுற்றி, உறைக்குள் நுனி வரை விட்டு, மெதுவாகத் திருகி இழுங்கள். துகள் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டி இழை நீளும். வெளியே எடுத்து வெயிலில் பிடித்தால் செம்புள்ளியாகத் துகள் மின்னும். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் அது பெரும்பாலும் சாணை பிடித்த இரும்புத் தூள். அப்படியானால் சாணைக்கல்லில் தீட்டியபின் கத்தியைக் கழுவுவதில்லை என்று அர்த்தம்.

சரிசெய்ய, தோல் உறையைத் தலைகீழாகப் பிடித்து வெளிப்பக்கம் மரக்கட்டையால் தட்டுங்கள். சைக்கிள் பம்பால் உள்ளே காற்று அடியுங்கள். பிறகு பெட்ரோமாக்ஸ் குழாய் துடைக்கிற மாதிரியான நீளப் பிரஷ், அது இல்லாவிட்டால் பாட்டில் பிரஷ், உலர்ந்ததை விட்டு நாலைந்து முறை உள்ளே தேயுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவுவது கடைசி வழி. கழுவினால் உலர்த்துகிற வேலை இரண்டு நாளுக்கு மேல் இழுக்கும். பிளாஸ்டிக் உறை என்றால் கவலை இல்லை, சோப்புத் தண்ணீரில் அலசிக் குலுக்கிக் கொட்டலாம். நுனியில் ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் உறையாக இருந்தால் 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் ஓர் ஓட்டை போட்டுவிடுங்கள். மண்ணும் தண்ணீரும் வெளியேற அது ஒன்றுதான் வழி. ஓட்டையின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறை வழித்துவிட மறக்க வேண்டாம், பிசிறே புதுக் கோடு போடும்.

அலகில் விழுந்த கோட்டை எடுக்க 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000 என்று ஏறுங்கள். தண்ணீருக்குப் பதில் ரெண்டு சொட்டு மிஷின் ஆயில். பேப்பரை விரலால் அழுத்தாமல் சின்னத் தக்கைக் கட்டையில் சுற்றிக்கொண்டால் அலகு மேடுபள்ளம் ஆகாது. கடைசியில் பிராஸோ (உலோகத்தை மெருகேற்றும் திரவம்) தொட்ட பஞ்சு. கோடு மெருகு உள்ள அலகு என்றால் இந்த ஏற்றமெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் 600 பேப்பரால் ஒரே வீச்சாக இழுத்தால் போதும், முன்னும் பின்னும் தேய்த்தால் பாதியில் திரும்பிய தடம் தெரியும்.

அறிகுறி: ஒரே இடத்தில் மட்டும் மெருகு மங்கல்

பிடியை ஒட்டி இரண்டு விரல் அகலத்தில், அல்லது முதுகோரத்தில், இருபக்கமும் ஒரே இடத்தில் மங்கலோ அதிகப் பளபளப்போ தெரிந்தால் உறையின் பிடிமானம் இறுக்கம். பிளாஸ்டிக் உறையில் கத்தி விழாமல் இருக்க ஓரிடத்தில் அழுத்தி விட்டிருப்பார்கள், உரசல் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் விழும்.

அலகின் இருபக்கமும் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டி, கத்தியைச் செருகி, இறுக்கமான இடத்தை மட்டும் வெளியிலிருந்து ஹீட் கன்னால் சூடாக்குங்கள். கைடெக்ஸ் 160 டிகிரி செல்சியஸ் பக்கம் நன்றாக இளகும். அவ்வளவு சூடு இங்கே வேண்டாம், லேசாக வளைந்துகொடுக்கும் கட்டத்திலேயே நிறுத்தி, கத்தியோடு ஆறவிடுங்கள். ஆறியபின் டேப்பை உரித்தால் அந்த அளவுக்கு இடைவெளி கிடைத்திருக்கும். கத்தி கழன்று விழும் அளவுக்குத் தளர்ந்துவிட்டால் ஒரு சுற்று டேப்போடு திரும்பச் செய்யுங்கள்.

பிவிசி குழாயைச் சூடாக்கித் தட்டையாக்கி உறை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பிவிசி அளவுக்கு மீறிச் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது மூச்சுக்கும் கேடு, பக்கத்தில் இருக்கும் இரும்புக்கும் கேடு. திறந்த வெளியில் செய்யுங்கள், புகை தெரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது. கத்தியையே அச்சாக உள்ளே விடாமல் அதே வடிவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி விடுவது நல்லது.

அறிகுறி: செம்புள்ளி, துரு

இதில்தான் போட்டு வைத்த படம் கைகொடுக்கும். துரு எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

நுனியில் மட்டும் துரு: உறையின் அடியில் தண்ணீர் தேங்குகிறது. மழையில் நனைந்த உறையை நிமிர்த்தி ஆணியில் மாட்டுபவர்களுக்கு இது நிச்சயம் வரும். தோல் உறையில் நுனித் தையலுக்கு மேலே 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று குத்தினால் வடிந்துவிடும்.

உடம்புப் பக்கம் மட்டும்: வியர்வை. அதில் உப்பு இருப்பதால் புள்ளி வெறும் மழைத் தண்ணீர்த் துருவைவிட ஆழமாக இறங்கும். உறைக்கும் இடுப்புக்கும் நடுவே இன்னொரு தோல் மடிப்பு வைப்பது, அல்லது பெல்ட்டிலிருந்து தொங்கவிடும் வாராக மாற்றுவதுதான் தீர்வு.

ரிவிட் இருக்கும் இடத்துக்கு நேராக வட்டமாக: பித்தளை அல்லது செம்பு ரிவிட்டின் உள்தலை அலகைத் தொடுகிறது. ஈரத்தோல் நடுவில் இருக்க, இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டால் செம்பு தப்பித்துக்கொள்ளும், இரும்பு அரிக்கும். ரிவிட் தலைக்கு மேல் மெல்லிய தோல் வட்டம் ஒட்டுங்கள். முடிந்தால் ரிவிட்டையே எடுத்துவிட்டுத் தையலுக்கு மாறுங்கள்.

கூர் ஓரமாகச் சீரான கோடாக: கூர் பக்கம் இரண்டு தோலுக்கும் நடுவே வைத்துத் தைத்த பட்டை இன்னும் ஈரமாக இருக்கிறது. உறையிலேயே தடிமனான இடம் அதுதான், காய்வதும் கடைசி.

அலகு முழுக்கப் பொடிப்புள்ளி: பனிநீர். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் வெளியே கிடந்த கத்தியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தாலோ, குளிர்ந்த கத்தியைப் பையில் போட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினாலோ, சூடான ஈரக்காற்று பட்டதும் இரும்பில் நீர் கோர்க்கும். அலகில் கோர்த்த நீரை உறை உறிஞ்சி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கும். இறங்கியதும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். கத்தியின் குளிர் தணிந்தபின் எடுத்தால் நீர் கோர்க்காது.

நனைந்த தோல் உறையை உலர்த்துவதில்தான் பாதிப்பேர் உறையையே கெடுத்துவிடுகிறார்கள். அடுப்பு மேலே தொங்கவிடுவதும், ஹீட்டர் முன்னால் வைப்பதும் வேண்டாம். ஈரத்தோல் 50 டிகிரியைத் தாண்டிய சூட்டில் விறைத்துச் சுருங்கும் அபாயம் உண்டு. சுருங்கிய உறை அலகை முன்னைவிட இறுக்கமாக உரசும். கத்தியை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே உலர்ந்த பருத்தித் துணியைச் சுருட்டி விட்டு, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். துணியைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். செய்தித்தாள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் மை ஒட்டும். காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவுகட்ட முடியாது. வெயில் காலத்தில் நன்றாகக் காய்ந்திருக்கும்போதே சமையலறைத் தராசில் உறையின் எடையைப் பார்த்து உள்பக்கம் எழுதி வையுங்கள். நனைந்தபின் அந்த எடைக்கு இரண்டு, மூன்று கிராம் வித்தியாசத்தில் திரும்பும் வரை கத்தியைச் செருகக் கூடாது. மழைக்காலத்தில் இதற்கு ஐந்தாறு நாள் ஆனாலும் ஆச்சரியமில்லை.

அலகில் இருக்கும் துரு மேலோட்டமானதா என்று பார்க்க, ஒரு சொட்டு மிஷின் ஆயில் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, தேங்காய்ச் சிரட்டைத் துண்டின் விளிம்பால் சுரண்டுங்கள். சிரட்டை இரும்பைக் கீறாது. போய்விட்டால் அவ்வளவுதான். போகாவிட்டால் 1000 பேப்பர். புளியும் உப்பும் பித்தளைக்குச் சரி, கத்திக்கு ஆகாது. புளி துருவோடு மெருகையும் தின்னும், உப்பு மறுநாளே புதுத் துருவைக் கூப்பிடும்.

எண்ணெய் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி பக்கத்திலேயே உறையத் தொடங்கும். மலையில் வருஷத்தில் பாதி நாள் அது பாட்டிலிலேயே கட்டியாக இருக்கும். அலகிலும் வெள்ளை மெழுகாக உறைந்து தூசியைப் பிடித்துவைக்கும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாளாக நாளாகப் பிசினாகும். காய்கறிக் கத்திக்கு மெடிக்கலில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின், காட்டு வேலைக் கத்திக்குத் தையல் மிஷின் ஆயில். ஆறு அங்குல அலகுக்கு மூன்று சொட்டு. துணியால் பரப்பியபின் விரல் வைத்தால் ரேகை பதிய வேண்டும், ஆனால் வழியக் கூடாது. வழிந்த எண்ணெய் தோலுக்குத்தான் போகும். தோல் இளகி, உறை தொளதொளத்து, தூசி ஒட்டும்.

அறிகுறி: கருநீலக் கறை, தேய்த்தாலும் துணியில் ஒட்டாதது

துரு இல்லை, ஆனால் துரு என்று நினைத்து எல்லோரும் தேய்த்துத் தள்ளுவது இதைத்தான். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டு அழுத்தித் துடையுங்கள். பழுப்பாக வந்தால் துரு. ஒன்றும் வராமல் கறை அப்படியே சாம்பல் நீலமாக நின்றால் டானின் (மரப்பட்டையின் துவர்ப்புப் பொருள்) கறை.

மரப்பட்டையால் பதனிட்ட தோலில் டானின் நிறைய இருக்கும். தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழிலுக்கு நெடுங்காலம் ஆவாரம்பட்டைதான் ஆதாரம். பிறகு சீகை (வாட்டில்) மரப்பட்டையும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து இந்த மலைகளில் நட்ட அதே சீகை. டானினும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கருப்பு உப்பு உண்டாகும். கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சேர்த்துக் காய்ச்சிய பழைய எழுதுமையின் ரசாயனமும் இதுவேதான். ஈரம் இல்லாவிட்டால் இந்தக் கறை வராது. ஆகவே கறையின் விளிம்பு தோலின் மடிப்பையோ தையலையோ அப்படியே பிரதி எடுத்த மாதிரி இருந்தால் உறை நனைந்தபோது கத்தி உள்ளே இருந்திருக்கிறது.

தேயிலைக் கவாத்துக் கத்தி, வாழை வெட்டும் கத்தி வைத்திருப்பவர்கள் குழம்பக் கூடாது. தேயிலைச் சாறும் வாழைக் கறையும் இதே கருப்பைத்தான் தரும். ஆனால் அது கூர் பக்கம் அடர்ந்து, முதுகுப் பக்கம் போகப் போக மங்கும், ஒழுங்கில்லாமல் வழிந்திருக்கும்.

சந்தேகம் என்றால் பிடிக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். அரை நிமிடத்தில் கருப்பு வெளுக்கத் தொடங்கினால் டானின் கறை உறுதி. உடனே தண்ணீரால் கழுவி, ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்ட ஈரத்துணியால் துடைத்து, மறுபடி கழுவி, உலர்த்தி எண்ணெய் போடுங்கள். சாறை அப்படியே விட்டால் கார்பன் ஸ்டீல் அலகில் சாம்பல் தடம் விழும், அதை எடுக்கத் தனி வேலை.

எடுத்தே ஆக வேண்டுமா என்றால், வேலைக் கத்தியில் தேவையில்லை என்பதுதான் எங்கள் கருத்து. லாரி பிளேட்டில் அடித்த கத்தியில் இந்தக் கருப்பு அலகைத் தின்னாது. கண்ணாடி மெருகுக் கத்தி என்றால் பிராஸோவும் பஞ்சும் பொறுமையும் போதும்.

அறிகுறி: பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள பித்தளைக் காப்பில், ரிவிட்டில் பச்சைப் பிசின்

தோலில் ஏற்றிய கொழுப்பும் எண்ணெயும் செம்போடு சேர்ந்து உண்டாக்குவது. பல்குத்தும் குச்சியால் வழித்து, நீலகிரித் தைலம் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். தோலுக்கு அடிக்கடி எண்ணெய் தடவுவதை நிறுத்துங்கள். தேன்மெழுகு, அதுவும் வெளிப்பக்கம் மட்டும் போதும்.

தைலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிசினை, டேப் பசையை, மரப்பாலைக் கரைக்க அதற்கு ஈடில்லை. ஆனால் ஆவியாகிவிடும், அலகில் காப்பாக எதுவும் தங்காது. தைலத்தால் துடைத்துவிட்டு எண்ணெய் போட்டதாக நினைத்துக்கொண்டு வைப்பவர்கள் உண்டு.

அறிகுறி: அலகில் வெள்ளைப் படலம்

மூன்று விதம். அலகை ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்குங்கள். படலம் உருகி மறைந்தால் தோலிலிருந்து வந்த கொழுப்பு, துடைத்தால் முடிந்தது. உருகாமல், ஈரத்துணியால் துடைத்ததும் கரைந்துபோனால் உப்பு. வியர்வையாகவோ தோலைப் பதனிட்டபோது மிஞ்சியதாகவோ இருக்கலாம், அந்த உறையைத் தள்ளிவையுங்கள். மக்கிய வாடையோடு நூல்நூலாக இருந்தால் பூஞ்சணம். உறையின் உள்ளேயும் இருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து, வெட்டவெளியில் உறையைத் துடைத்து நிழலில் காயவையுங்கள். அலகில் பூஞ்சணம் படிந்த இடத்துக்கு அடியில் பெரும்பாலும் மங்கல் வட்டம் இருக்கும், பிராஸோவில் போகும்.

அறிகுறி: ஸ்டெயின்லெஸ் அலகில் ஊசிக்குத்துக் குழி

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில்தான் அதை ஈர உறையில் விட்டுவிடுகிறோம். அதைக் காப்பது 10.5 சதவீதத்துக்குக் குறையாத குரோமியம் தன்மேல் உண்டாக்கிக்கொள்ளும் மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் பழுதுபட்டால் தன்னைச் சரிசெய்துகொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஈரத்தோல் இறுக்கி ஒட்டிய இடத்தில் காற்று போகாது. கூடவே உப்பும் இருந்தால் படலம் ஒரு புள்ளியில் உடைந்து அங்கேயே ஆழமாக இறங்கும். மேலே பார்த்தால் கறுப்பு ஊசிக்குத்து, உள்ளே அதைவிட அகலம்.

குரோம் முறையில் பதனிட்ட தோலில் இந்த ஆபத்து கூடுதல், பதனிடும்போது சேர்த்த அமிலமும் உப்பும் மிஞ்சியிருக்கலாம். எந்தத் தோல் என்று தெரிய வெட்டு ஓரத்தைப் பாருங்கள். முழுக்கப் பழுப்பு என்றால் பட்டைத் தோல், நடுவில் நீலச் சாம்பல் என்றால் குரோம். கைப்பை, ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய துண்டில் தைத்த உறை பெரும்பாலும் குரோம்தான்.

குழியை மெருகால் எடுக்க நினைக்காதீர்கள். அதன் அடிமட்டம் வரை முழு அலகையும் தேய்த்தால்தான் மறையும். பல்குத்தும் குச்சி நுனியில் பிராஸோ தொட்டுக் குழிக்குள் திருகி, கறுப்பை எடுத்து, கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டு நிறுத்துங்கள்.

அறிகுறி: புது உறை, நனையவே இல்லை, முதல் வாரத்திலேயே மங்கல்

ஒட்டுப்பசை. வெள்ளை மரப்பசை காயும்போது அசிட்டிக் அமில ஆவி விடும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் சீலன்ட் அதைவிட மோசம். மூடிய உறைக்குள் அந்த ஆவிக்குப் போக இடம் அலகுதான். பசை போட்ட எந்த உறையையும் வாய் திறந்த நிலையில் குறைந்தது ஒரு வாரம் காற்றாட விடுங்கள். மலையில் மழைக்காலம் என்றால் இரண்டு வாரம்.

மர உறையும் இதே வேலையைச் செய்யும். நிஜமான ஓக் மரம் அசிட்டிக் அமிலம் விடுவதில் பேர்போனது. இங்கே தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கும் சில்வர் ஓக் அந்தக் குடும்பமே இல்லை, பெயர் மட்டும்தான் ஒற்றுமை. கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) டானின் மிகுதி, பச்சை மரத்தில் செய்தால் கருநீலக் கறை நிச்சயம். எந்த மரம், எந்தத் தோல், எந்தப் பசை என்று குழப்பமாக இருந்தால் பாட்டில் சோதனை செய்யுங்கள். மூடியுள்ள சின்னக் கண்ணாடி பாட்டில் இரண்டு. இரண்டிலும் ஸ்பிரிட்டால் துடைத்த, 600 பேப்பரில் தேய்த்த ஆணி ஒவ்வொன்று, பத்துச் சொட்டு டிஸ்டில்ட் வாட்டர் விட்ட பஞ்சு ஒவ்வொன்று. பஞ்சும் ஆணியும் தொடக் கூடாது. ஒரு பாட்டிலில் மட்டும் சந்தேகப்படும் பொருளில் இரண்டு கிராம் சீவிப் போடுங்கள், அதுவும் ஆணியைத் தொடாமல். இரண்டையும் இறுக மூடி, வெதுவெதுப்பான ஒரே இடத்தில் பத்து நாள். பொருள் போட்ட பாட்டிலின் ஆணி மற்றதைவிடத் தெளிவாகக் கெட்டிருந்தால் அந்தப் பொருள் கத்திக்குக் கிட்டேயே வரக் கூடாது.

அறிகுறி: கறுப்புப் பூச்சு ஓரம் தேய்ந்து வெள்ளை தெரிகிறது

ரசாயனத்தில் கறுப்பாக்கிய பூச்சு ஓரிரு மைக்ரான் தடிமன்தான், எந்த உறையிலும் தேயும். உறை வாயின் உள்விளிம்பை 400 பேப்பரால் உருட்டிவிட்டால் வேகம் குறையும், நிற்காது. தேய்ந்த இடத்தில் பாதுகாப்பு இல்லை என்பதால் எண்ணெய் அங்கே முதலில் போக வேண்டும்.

அறிகுறி: பயன்படுத்தாமலே கூர் மழுங்குகிறது

கூரை டார்ச் வெளிச்சத்தில் நேராகப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாக மின்னும். பிடிக்குப் பக்கம் மின்னினால் உருவும்போது கூரை உறை வாயில் அழுத்தி இழுக்கிறீர்கள். முதுகை உறையில் சாய்த்தபடி உருவிப் பழகினால் நிற்கும். நடுவில் மின்னினால் கூர் தையல் நூலையோ ரிவிட்டையோ தொடுகிறது. நடுப்பட்டையின் தடிமன், தைத்து அழுந்திய பிறகும், அலகின் முதுகுத் தடிமனுக்குக் குறையக் கூடாது. 4 மில்லிமீட்டர் முதுகுக்கு 3 மில்லிமீட்டர் பட்டை வைத்தால் இரண்டு பக்கத் தோலும் அலகை நெரிக்கும், மெருகும் போகும், கூரும் போகும்.

அறிகுறி: அலகில் பிசுபிசுப்பு

ரெக்சின் உறை பழசாகும்போது அதை இளக்கமாக வைத்திருந்த எண்ணெய்ப் பொருள் வெளியே கசியும். தைலத்தால் துடைத்து, சோப்பால் கழுவிவிட்டு, உறையைத் தூக்கிப் போடுங்கள், அதற்கு மருந்து இல்லை. சைக்கிள் டியூபை வெட்டி மாட்டும் உறையில் ரப்பரின் கந்தகம் பித்தளைப் பாகத்தைக் கறுக்கவைக்கும், உள்ளே போன தண்ணீரும் வெளியே வராது. தோட்டத்துக்குப் போய் வரும் நேரத்துக்கு டியூப் போதும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, கத்தியைத் துடைத்து, எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் ஐம்பது கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் ரோஜா நிறமானால் வாணலியில் மெல்லிய தீயில் நீலம் திரும்பும் வரை வறுத்து மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.